விடிந்தால் தெளிந்துவிடுமா? 600 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அதிகாலை மூன்றரை மணி. உளுந்தூர்ப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை வாசலில் மேசை போட்டு, பி.ஆர்.எம். எனப்படும் நெடுந்தூர சைக்கிள் ஓட்டத்தில், 600 கிலோமீட்டருக்கு வந்தவர்களின் கார்டில் முத்திரை குத்திக்கொண்டிருந்தேன். 40 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டிய ஓட்டம் அது. முதன்முறை வந்திருந்த ஒரு பையன் சைக்கிளைக்கூடச் சாய்த்து வைக்காமல் கார்டை நீட்டினான். “உள்ளே கயிற்றுக் கட்டில் காலியாக இருக்கிறது, ஒன்றரை மணி நேரம் படுத்துவிட்டுப் போ” என்றேன். “வேண்டாம் அண்ணா, விடிந்தால் தெளிந்துவிடும்” என்றான். சுருக்கென்றது. ஏழு வருடங்களுக்கு முன் இதே சாலையில் நான் சொன்னதும் இதையேதான்.

மாற்று ட்யூப் எடுத்துவர மறப்பது, பின்விளக்குக்கு சார்ஜ் போடாதது போன்றவை ஒருமுறை பட்டால் தானே திருந்திவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். தூக்கமின்மையும் வெயிலும் கூட்டுச் சேர்ந்து மூளையைக் கவிழ்க்கும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

முந்தைய இரவை மட்டும் கணக்கில் எடுப்பது

ஓட்டத்துக்கு முதல் நாள் ஒன்பது மணிக்கே படுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது. அமெரிக்காவில் நடந்து 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இரண்டு வாரம் தினமும் 6 மணி நேரமே தூங்கியவர்களின் கவனம், ஓரிரு இரவுகள் அடியோடு விழித்திருந்தவர்கள் அளவுக்கு இறங்கிவிட்டது. அப்படி இறங்கியது அவர்களுக்கே பெரும்பாலும் உறைக்கவில்லை. கோடையில் இது இன்னும் மோசம். உடலின் உள்வெப்பம் சற்றுத் தணிந்தால்தான் தூக்கம் பிடிக்கும். ஏப்ரல் மாதத்தில் மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள அறையில் அது தணிவதற்குள் பால்காரர் வந்துவிடுவார்.

விடியலை நம்புவது

என் கதையைச் சொன்னால்தான் எனக்கு ஏன் சுருக்கென்றது என்று புரியும். பெருங்களத்தூரிலிருந்து சனிக்கிழமை காலை 6 மணிக்குக் கிளம்பி, சமயபுரம் போய்த் திரும்பும் ஓட்டம். ஞாயிறு இரவு 10 மணி வரை அவகாசம். ஞாயிறு அதிகாலை நான்கு மணிக்கு உளுந்தூர்ப்பேட்டையில் இருந்தேன். பாக்கி 200 கிலோமீட்டருக்கும் குறைவு, கையில் 18 மணி நேரம். இரண்டு மணி நேரம் தூங்கியிருந்தாலும் ஒன்றும் குடிமுழுகிப் போயிருக்காது. ஆனாலும் மிதித்தேன்.

விடிந்தது. தெளிந்தும்விட்டது! இங்கேதான் ஏமாற்றம். உடலின் வெப்பம் விடியலுக்குச் சற்று முன்புதான் மிகத் தாழ்ந்திருக்கும். பிறகு ஏறத் தொடங்கும். வெளிச்சமும் கண்ணில் படுகிறது. உடலுக்குள் இருக்கும் கடிகாரம் ‘எழுந்திரு’ என்கிறது. இரவில் சேர்ந்த தூக்கக் கடனில் ஒரு நிமிடம்கூடக் கழியவில்லை. அதன் மேல் ஒரு போர்வை விழுந்திருக்கிறது, அவ்வளவே. விழுப்புரத்தில் பொங்கலும் வடையும் சாப்பிட்டபோது, தூங்கியவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

பத்தரை மணிக்குத் திண்டிவனம். வெயில் தலைக்கு மேல் வந்துவிட்டது. உடலைக் குளிர்விக்க ரத்தம் தோலை நோக்கி ஓடுகிறது, வியர்வையாகத் தண்ணீர் வெளியே போகிறது. தூக்கம் கெட்ட உடலில் இந்த ஏற்பாடும் சரிவர நடப்பதில்லை. அப்போது பழகிய வேலை கெடாது. கால் தன்பாட்டுக்கு மிதிக்கும். யோசித்து முடிவெடுக்கும் வேலைதான் முதலில் படுத்துவிடும். மேம்பாலத்தின் கீழ் இளநீர் குடித்துவிட்டுக் கிளம்பியவன், சென்னைச் சாலையை விட்டுப் புதுச்சேரிச் சாலையில் ஏறிவிட்டேன். ‘புதுச்சேரி’ என்று எழுதிய பலகைகளைப் படித்துக்கொண்டேதான் போனேன். எண் குறைந்துகொண்டே வருவதைப் பார்த்து மகிழ்ச்சிகூடப் பட்டேன். பதினான்கு கிலோமீட்டர்! எழுத்தைக் கூட்டிப் படிக்க முடிந்தது; அது நான் போக வேண்டிய ஊர் அல்ல என்று எட்டவில்லை.

திரும்பி வந்து ஒரு பஸ் நிழற்குடையில் படுத்தேன். அதிகாலையில் கொஞ்சம் தூங்கியிருந்தால் போதும் என்றிருந்த உடல், இப்போது எவ்வளவு கேட்டாலும் தூங்க மறுத்தது. சிமெண்ட் பெஞ்சு அடுப்பாகத் தகித்தது. உள்வெப்பம் தணிய வழியே இல்லாத இடத்தில் தூக்கம் எங்கிருந்து வரும்? மூன்று மணி நேரம் புரண்டேன். எழுந்து சிறிது தூரம் மிதித்து வாந்தி எடுத்தேன். ஒரு குட்டியானை வண்டிக்காரர் இரக்கப்பட்டு, காலி காய்கறிக் கூடைகளுக்கு நடுவே என்னையும் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டார். அந்த வருடம் 200, 300, 400 கிலோமீட்டர் ஓட்டங்கள் மூன்றையும் முடித்திருந்தேன். 600 மட்டும் போனதால், நான்கையும் ஒரே வருடத்தில் முடிப்பவர்களுக்கான சூப்பர் ராண்டனூர் பதக்கமும் போயிற்று.

நம் ஊர்க் கோடையில் தூக்கம் இரவில் மட்டுமே கிடைக்கும் சரக்கு. இரவில் வாங்காமல் விட்டால் பகலில் எந்த விலைக்கும் கிடைக்காது. குளிர்நாட்டுக்காரர்கள் பகலில் புல்வெளியில் குட்டித் தூக்கம் போடும் படத்தைப் பார்த்துவிட்டு இங்கே திட்டம் போடாதீர்கள். எங்கே, எத்தனை மணிக்குப் படுப்பது என்பதை இப்போதெல்லாம் வீட்டிலேயே எழுதிக் கைப்பிடிப் பையில் ஒட்டிவிடுகிறேன். அந்த நேரத்தில் என் அபிப்பிராயத்தை நானே கேட்பதில்லை. படுத்தால் ஒன்று 20 நிமிடம், அல்லது ஒன்றரை மணி நேரம். நடுவில் 50 நிமிடத்தில் எழுந்தால் ஆழ்ந்த தூக்கத்தின் மந்தம் வெகுநேரம் விடாது.

காபியை ஏற்றிக்கொண்டே போவது

காபி கடனை அடைப்பதில்லை. கடன்காரரைத் திண்ணையில் உட்காரவைக்கிறது. குடித்த உடனே 20 நிமிடம் கண்ணயருங்கள். அது வேலை செய்யத் தொடங்கும் நேரமும் நீங்கள் எழும் நேரமும் பொருந்தும்.

வெறும் தண்ணீர்

உப்புப் போட்ட மோர் குடியுங்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நான்கு வைத்திருங்கள்.

‘நான் நன்றாகத்தான் இருக்கிறேன்’

விழித்து 17 மணி நேரமானவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீத மது இருப்பவர் அளவுக்கு மந்தமாகும் என்று சோதித்திருக்கிறார்கள். நம் சட்டம் வண்டியோட்டிக்கு அனுமதிப்பது 0.03. ஆகவே சக ஓட்டக்காரர் ‘நன்றாக இருக்கிறேன்’ என்றால் அந்தச் சாட்சியம் செல்லாது. பாக்கி எத்தனை கிலோமீட்டர், பத்து மணிக்குள் முடிக்க எந்த வேகம் வேண்டும் என்று கேளுங்கள். பதில் வரத் தாமதமானால் சைக்கிளைப் பிடுங்கிச் சாய்த்து வையுங்கள். கண்ணைத் திறந்தபடியே மூன்று வினாடி அயர்ந்தாலும், 25 கிலோமீட்டர் வேகத்தில் 20 மீட்டர் ஆளில்லாமல் ஓடும் வண்டி அது. பின்னால் லாரி வரும் சாலை.

அந்தப் பையனிடம் நான் இதைக் கேட்கவில்லை. முத்திரை காய்வதற்குள் கிளம்பிவிட்டான்.

முடித்ததும் காரை எடுத்து வீட்டுக்குப் போவது

சாவியை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.