கௌடியக் கணவாய் மாதிரி: பள்ளிக் கண்காட்சிக்குச் செய்யும் முறை

பழைய இத்தாலியில் ரோமோடு மோதிய மலைநாட்டு மக்கள் சாம்னியர். சாம்னியர், ரோமானியர் என்று தலைப்புக் கொடுத்ததுமே பிள்ளைகள் வாளும் கேடயமுமாகச் சண்டைக் காட்சியில் இறங்கிவிடுவார்கள். கி.மு. 321-இல் தென் இத்தாலியின் கௌடியத்தில், ரோம வரலாற்றாசிரியர் லிவி எழுதியபடி பார்த்தால், சண்டையே நடக்கவில்லை. ரோமப் படை மலைக்குள் அடைபட்டுச் சரணடைந்தது. அதனால் மலையை ஒழுங்காகச் செய்யுங்கள், ஆட்கள் அப்புறம்.

அடிப்பலகைக்கு நாலடிக்கு இரண்டரையடி பிளைவுட், 12 மி.மீ. கனம். அதைவிட மெலிந்தால் ஈர மண் பாரத்தில் வளையும். நடுவில் புல்வெளி, இருபக்கமும் இடைவெளி இல்லாத மலை, நுழைய ஒரு வாய், வெளியேற ஒரு வாய். ஆரல்வாய்மொழியைப் பார்த்த பழக்கத்தில் வாயை அகலமாக விட்டுவிடாதீர்கள். நுழைவாய் மூன்று விரற்கடை, வெளிவாய் இரண்டு, போதும்.

கசக்கிய செய்தித்தாளை மைதாப் பசையால் ஒட்டி மலை எழுப்புங்கள். 200 கிராம் மாவுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் விட்டுக் காய்ச்ச வேண்டும். அது காய்ந்தபின் களிமண் பூச்சு. காருகுறிச்சிப் பக்கம் மட்பாண்டம் செய்பவர்களிடம் பிசைந்த மண்ணாகவே கேட்டு வாங்கலாம். ஒரு பங்கு உமிக்கு நாலு பங்கு மண் கலந்து, அரை அங்குலத்துக்கு மேல் போகாமல் பூசுங்கள். உமி இல்லாத மண் காயும்போது சுருங்கி வெடிக்கும். ஆடிக் காற்றில் வைத்தாலும் மேல்மண் மட்டும் முந்திக் காய்ந்து வெடிப்பு விடும். நிழலில் இரண்டு நாள் ஆறட்டும்.

வெளிவாயை ஈர்க்குத் துண்டும் கூழாங்கல்லும் போட்டு அடையுங்கள். சாம்னியர் மரம் வெட்டிச் சாய்த்து, பாறை போட்டு மறித்த இடம் அது. திரும்பி ஓடிவந்த ரோமானியருக்கு நுழைந்த வாயும் அடைபட்டிருந்தது. அந்த இரண்டாவது அடைப்பைத் தனியாகச் செய்து கையில் வைத்துக்கொண்டு, விளக்கும்போது பொருத்தினால் கூட்டம் நிற்கும்.

சரணடைந்தவர்களைச் சாம்னியர் நுகத்தடிக்கு அடியில் குனிந்து போகவைத்தார்கள். அந்த நுகத்தடிக்கு ஈட்டி மாதிரி இரண்டு ஈர்க்கு நட்டு, குறுக்கே ஒன்று கட்டுங்கள். ஆள் உயரம் ஒரு அங்குலம் என்றால் நுகம் முக்கால் அங்குலம். குனியாமல் போக முடிந்தால் அவமானம் தெரியாது. ரோமானியருக்கு ஒற்றை ஆடைதான், கவசம் வேண்டாம். சாம்னியர் மார்பில் ஜிகினாத் தாளில் பஞ்சிங் மெஷினால் எடுத்த மூன்று வட்டம்: மேலே இரண்டு, கீழே ஒன்று.

“ஏன் கொல்லாமல் விட்டார்கள்?” என்று கட்டாயம் கேட்பார்கள். எல்லாரையும் கௌரவமாக அனுப்பு, இல்லையென்றால் எல்லாரையும் கொன்றுவிடு என்றாராம் சாம்னியக் கிழவர் ஹெரென்னியஸ். சாம்னியப் படைத்தலைவரான அவர் மகன் கேயஸ் பொன்டியஸ் இரண்டும் செய்யாமல் அவமானப்படுத்தி அனுப்பினார். கி.மு. 290-இல் சாம்னியப் போர்கள் முடிந்தபோது ரோம்தான் ஜெயித்திருந்தது. இதை எழுதியவர்களும் ரோமானியர் பக்கத்து ஆட்கள்தான். விளக்கும் பிள்ளை “லிவி சொல்கிறார்” என்று சேர்த்துச் சொல்லட்டும்.

ஆட்டோவில் கொண்டுபோகும்போது நுகத்தடியைக் கழற்றித் தீப்பெட்டிக்குள் வையுங்கள். முதலில் ஒடிவது அதுதான்.