பிளாஸ்மா சிஎன்சி: முதல் பெயர்ப்பலகையை வெட்டுவது எப்படி?

சேலத்தில் தகடு கிடைப்பதும் வெல்டர் கிடைப்பதும் பெரிய விஷயமில்லை. புதிதாக பிளாஸ்மா டேபிள் (கம்ப்யூட்டர் சொல்படி நகர்ந்து, மின்பொறியாலும் காற்றாலும் தகட்டை வெட்டும் மெஷின்) போடுபவர்கள் சறுக்குவது இரண்டு இடங்களில்: காற்று, டார்ச்சின் (வெட்டும் முனையின்) உயரம். 3 மி.மீ. எம்.எஸ். (மைல்டு ஸ்டீல், சாதா இரும்பு) தகட்டில் வீட்டுப் பெயர்ப்பலகை ஒன்றை வெட்டி எடுப்பதுதான் இங்கே இலக்கு.

1. மெஷினும் கரண்டும்

டார்ச்சுக்கு மின்சாரம் தரும் பெட்டியான பவர் சோர்ஸ் 40–45 ஆம்பியர் இருந்தால் போதும். 6 மி.மீ. வரை சுத்தமாக வெட்டும்; 10 மி.மீ. என்றால் முக்கி முனகும். கடையில் முதலில் கேட்க வேண்டியது, ஆர்க் (தகட்டை உருக்கும் மின்பொறி) எப்படிப் பற்றுகிறது என்பதை. மலிவான மெஷின்களில் ஹெச்.எஃப். ஸ்டார்ட் (உயர் அதிர்வெண் மின்சாரத்தால் பற்றவைப்பது) இருக்கும், அதன் மின் இரைச்சல் டேபிளை இயக்கும் கண்ட்ரோலரைக் குழப்பி டேபிளைப் பாதியில் நிறுத்திவிடும். ஹெச்.எஃப். இல்லாத பைலட் ஆர்க் (டார்ச்சுக்குள்ளேயே முதலில் பற்றும் சிறு ஆர்க்), டேபிளில் மாட்டும் நேரான மெஷின் டார்ச் இரண்டும் உள்ளதாகப் பாருங்கள்.

சிங்கிள் ஃபேஸில் இந்த மெஷின் மட்டுமே 25–30 ஆம்பியர் இழுக்கும். அதே லைனில் 3 ஹெச்.பி. கம்ப்ரசரையும் போட்டால் எம்சிபி விழத்தான் செய்யும். த்ரீ ஃபேஸ் இருந்தால் இரண்டையும் தனித்தனி ஃபேஸில் பிரித்துவிடுங்கள். எர்த் கிளாம்ப்பை டேபிள் காலில் மாட்டாமல், வெட்டும் தகட்டிலேயே மாட்டுங்கள்.

2. காற்று

90 பி.எஸ்.ஐ.யில் நிமிடத்துக்கு 170–190 லிட்டர் காற்று இடைவிடாமல் வேண்டும். பெயின்ட் அடிக்கும் சின்னக் கம்ப்ரசர் சில விநாடிகளில் மூச்சு வாங்கிவிடும். அதைவிட மோசம் தண்ணீர். அழுத்தும்போது சூடாகும் காற்று குழாயில் ஆறி, ஈரத்தை உதறும். அது டார்ச்சுக்குள் போனால் எலக்ட்ரோடும் (ஆர்க் கிளம்பும் முனை) நாசிலும் (ஆர்க் வெளிவரும் வாய்) மளமளவெனத் தேயும், ஆர்க் விக்கும். டேங்கிலிருந்து சில மீட்டர் உலோகக் குழாய், அதன் பிறகு வாட்டர் செபரேட்டர், டார்ச்சுக்குச் சற்று முன்னால் சிலிகா ஜெல் டிரையர் என்ற வரிசையில் வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் காயவைத்துத் திரும்பப் போடலாம். டேங்க் வால்வைத் தினமும் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள்.

ஏற்காட்டில் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு இது இரட்டை வேலை. பனிமூட்ட நாட்களில் டிரையர் சீக்கிரம் நனையும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தியும் குறைவு, அதனால் ஒரு அளவு பெரிய கம்ப்ரசர் எடுப்பதே நல்லது.

3. வரைபடம்

இங்க்ஸ்கேப் என்ற வரைபட மென்பொருளில் பெயரைத் தட்டச்சு செய்து, எழுத்துகளைப் பாதையாக மாற்றி, ஒன்றின் மேல் ஒன்று ஏறியவற்றை யூனியன் போட்டு (ஒரே வடிவமாக இணைத்து), டிஎக்ஸ்எஃப் என்ற வரைபடக் கோப்பாகச் சேமியுங்கள். தமிழ் எழுத்தில் தொல்லை தருவது சுழிதான். ‘க’வில் மூடிய வளையம் இருக்கிறது, எழுத்தைத் தகட்டிலிருந்து வெட்டி எடுத்தால் வளையத்தின் நடுப்பகுதி கழன்று கீழே விழும். அங்கே 3–4 மி.மீ. அகலப் பாலம் விடுங்கள். ‘ண’ போன்ற எழுத்தில் சுழிகள் நெருங்கி இருப்பதால், வெட்டின் அகலமான சுமார் 1.5 மி.மீ. அவற்றை விழுங்கிவிடும். எழுத்து உயரம் 80–100 மி.மீ.க்குக் கீழே போக வேண்டாம். மெய்யெழுத்துப் புள்ளி குறைந்தது 6 மி.மீ. விட்டம் இருக்கட்டும்.

4. கேம் அமைப்பு

வரைபடத்தை டார்ச் செல்லும் பாதையாக மாற்றும் கேம் மென்பொருளான ஷீட்கேமில் அதைத் திறந்து, முதலில் உள்வெட்டுகள், கடைசியில் வெளிக்கோடு என வரிசை கொடுங்கள். வெளிக்கோட்டை முதலில் வெட்டினால் பலகை நகர்ந்து எழுத்துகள் கோணலாகும். ஆர்க் சுழல்வதால் போகும் திசையின் வலப்பக்க ஓரம்தான் நேராக வரும். அதனால் வெளிக்கோடு கடிகாரச் சுற்றில், உள்வெட்டு எதிர்ச் சுற்றில்.

3 மி.மீ.க்கு மெஷின் கையேட்டில் உள்ள அட்டவணையைப் பாருங்கள். 45 ஆம்பியரில் தொடங்க நிமிடத்துக்கு 3,000 மி.மீ. வேகம், துளையிடும் உயரம் 3.8 மி.மீ., வெட்டும் உயரம் 1.5 மி.மீ., துளைக்கும் நேரம் அரை விநாடிக்குள். துளையிடும் உயரத்தைக் குறைத்தால் தெறிக்கும் உருகல் நாசில் வாயை அடைக்கும். புள்ளி போன்ற சிறு துளைகளில் வேகத்தை 60 சதவீதமாக இறக்கி, உயரக் கட்டுப்பாட்டை (ஆர்க் வோல்ட்டேஜைப் பார்த்து டார்ச்சை ஏற்றி இறக்குவதை) அணைத்துவிடுங்கள். வேகம் குறைந்தால் ஆர்க் வோல்ட்டேஜ் ஏறும். டார்ச் மேலே போய்விட்டது என்று கண்ட்ரோலர் நினைத்து அதைத் தகட்டில் முட்டவைக்கும்.

5. வெட்டும் முன்

40–60 ஆம்பியருக்கு 6-ம் எண் கறுப்புக் கண்ணாடி, தோல் கையுறை, பருத்தி உடை. சேலம் உருக்காலை உள்ள ஊரில் ஸ்டெயின்லெஸ் துண்டுகளுக்குப் பஞ்சமில்லை, ஆனால் அதன் புகையில் நச்சுக் குரோமியம் உண்டு. புகை உறிஞ்சியும் ரெஸ்பிரேட்டரும் இல்லாமல் அதைத் தொடாதீர்கள். ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய) தகட்டின் துத்தநாகப் புகை காய்ச்சலில் படுக்கவைக்கும். தண்ணீர்த் தொட்டி டேபிளில் அலுமினியம் வெட்டவே கூடாது. ஹைட்ரஜன் சேர்ந்து வெடிக்கும்.

6. கசடு என்ன சொல்கிறது

முதலில் ஒரு கழிவுத் துண்டில் நேர்க்கோடு போட்டுத் திருப்பிப் பாருங்கள். அடியில் தடிமனாக, தட்டினால் உதிரும் கசடு என்றால் வேகம் குறைவு. மெல்லியதாக, கிரைண்டர் போட்டாலொழிய வராத கசடு என்றால் வேகம் அதிகம். ஒவ்வொரு தடவையும் 10 சதவீதம் மட்டும் மாற்றுங்கள். எந்த வேகத்திலும் ஓரம் ஒரே பக்கம் சாய்ந்தால் டார்ச் செங்குத்தாக இருக்கிறதா என்று மூலைமட்டம் வைத்துப் பாருங்கள். அதுவும் சரியென்றால் நாசில் வாய் நீள்வட்டமாகியிருக்கும். எலக்ட்ரோடு நுனிக் குழி 1.5 மி.மீ. ஆழத்தைத் தொட்டதும் நாசிலோடு சேர்த்தே மாற்றுங்கள்.