மஸ்காரா வழிந்தால் வியர்வையை மட்டும் திட்டாதீர்கள்

மலேசியாவில், பகாவ் பக்கத்துத் தோட்டத்துக் கோயிலில் தீமிதி என்றால் நாள் முழுக்க வெயிலில்தான் நிற்க வேண்டும். அன்றைக்குப் பார்த்துப் இமை முடிக்குப் பூசும் மையான மஸ்காராவைப் புதிதாகப் பிரிப்பார்கள் பாருங்கள், அதுதான் முதல் தவறு. வாட்சன்ஸ், கார்டியன் மாதிரி மருந்துக் கடையில் வாங்கி வந்ததை, வீட்டில் சும்மா இருக்கும் ஒரு நாளில் போட்டுப் பாருங்கள். அன்றும் மறுநாளும் கண் அரிக்கவில்லை, சிவக்கவில்லை என்றால் சரி.

கண்ணுக்குக் கீழே கறுப்பு இறங்கினால் உடனே ‘வாட்டர்ப்ரூஃப்’ தேடி ஓடுகிறோம். பலர் ஏமாறுவது இங்கேதான். அதில் மெழுகு அதிகம்; தண்ணீருக்கு அசையாது, எண்ணெய் பட்டால் கரையும். நாமோ தலைக்குத் தேங்காய் எண்ணெய், முகத்துக்குக் கிரீம் என்று பூசிக்கொண்டு கிளம்புகிறோம். போதாததற்கு இமையிலேயே எண்ணெய் ஊறும். அதனால் முதலில் இமையை டிஷ்யூவால் ஒற்றி, லேசாகப் பவுடர் போடுங்கள். கீழ் இமை முடியை விட்டுவிடுங்கள், பாதித் தொல்லை அதில்தான்.

அப்படியும் இறங்கினால் ‘டியூபிங்’ வகையைக் கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு முடியையும் உறை மாதிரிச் சுற்றிக்கொள்ளும், எண்ணெய்க்கு அவ்வளவு சீக்கிரம் அசையாது. வெதுவெதுப்பான நீரில் நனைத்து மெல்ல இழுத்தால் கறுப்பு நூல் துண்டுகளாகக் கழன்று வரும். இமை முடியே கொட்டுகிறது என்று முதல் தடவை பதறிவிடாதீர்கள்.

வாட்டர்ப்ரூஃப்பைச் சோப்பு போட்டுத் தேய்த்தால் நிஜமாகவே முடி உதிரும். எண்ணெய் கலந்த ரிமூவரைப் பஞ்சில் நனைத்து, கண்மேல் கொஞ்ச நேரம் வைத்துத் துடைத்தாலே போதும்.

பிரஷ்ஷைக் குழாய்க்குள் குத்திக் குத்தி எடுக்காதீர்கள். காற்று புகுந்து மை சீக்கிரம் காயும். காய்ந்ததில் தண்ணீர் ஊற்றுவதும் வேண்டாம், கிருமிதான் வளரும். (எச்சில் தொடுகிற ஆட்களும் இருக்கிறார்கள்!) திறந்து மூன்று முதல் ஆறு மாதத்தில், பாதி மிச்சம் இருந்தாலும் தூக்கிப் போடுங்கள்.

கல்யாண வீட்டில் அக்கா, தங்கை, சித்தி மகள் எல்லாரும் ஒரே பிரஷ்ஷைச் சுற்றுக்கு விடுவதும் தவறுதான். ஒருத்திக்குக் கண் நோய் என்றால் மற்றவர்களுக்கும் ஒட்டும். கடையில் எல்லாரும் போட்டுப் பார்க்க வைத்திருக்கும் டெஸ்டரைக் கண்ணில் வைக்கவே வைக்காதீர்கள்.

பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் மலிவாகக் கிடைப்பதை வாங்குமுன், ‘என்ஓடி’ (NOT) என்று தொடங்கும் அறிவிப்பு எண்ணைக் கேளுங்கள். சுகாதார அமைச்சின் கீழ் மருந்து, ஒப்பனைப் பொருள்களைக் கண்காணிக்கும் என்பிஆர்ஏ (NPRA) இணையத்தளத்தில் அதைத் தட்டினால் பொருளின் பெயர் வர வேண்டும். வராவிட்டால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.