மே மாத வெயிலில் சென்னையைச் சுற்ற ஒரு ரயில் பாதை போதும்

கோடை விடுமுறையில் சென்னை பார்க்க வருகிறவர்கள் ஆட்டோவுக்கே பாதிப் பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள், மீதி வெயிலில் குளிர்பானத்துக்குப் போய்விடும். வேளச்சேரி பறக்கும் ரயில் ஒன்றைப் பிடித்துக்கொண்டாலே ஒரு நாள் ஓடிவிடும், டிக்கெட் ஐந்து ரூபாயில் தொடங்குகிறது.

காலை ஆறு மணிக்கெல்லாம் திருமயிலை ஸ்டேஷனில் இறங்கிவிடுங்கள். கபாலீஸ்வரர் கோயில் கருங்கல் தளம் அப்போது காலுக்குச் சில்லென்று இருக்கும், அதே தளத்தில் பதினொரு மணிக்குச் செருப்பில்லாமல் நடந்தால் துள்ளிக் குதிக்க வேண்டியதுதான். தவிர, மதியம் நடை சாத்திவிடுவார்கள். மாடவீதியில் டிபனை முடித்துக்கொண்டு, வெயில் ஏறுவதற்குள் மூன்று ஸ்டேஷன் தள்ளி கோட்டூர்புரம். அங்கிருந்து கொஞ்சம் நடந்தால் அண்ணா நூற்றாண்டு நூலகம். அனுமதி இலவசம், ஏசி உண்டு, குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவே இருக்கிறது. மதியத்தை ஓட்ட மால்தான் போக வேண்டுமா என்ன?

நாலரைக்கு மேல் திரும்ப ரயிலேறி, கலங்கரை விளக்கம் ஸ்டேஷனில் இறங்கினால் மெரினா. கடல்காற்று அதற்குள் வீச ஆரம்பித்திருக்கும் (சில நாள் ஏமாற்றும், அன்றைக்குப் புழுக்கம்தான்). விளக்கின் மேலே ஏற நினைத்தால் திங்கட்கிழமை வேண்டாம், விடுமுறை.

அப்புறம், தண்ணீர் பாட்டில் வீட்டிலிருந்தே. வழியில் நுங்கு கண்ணில் பட்டால் விடாதீர்கள்.