பழைய விஜய் சூப்பருக்குக் கையால் செய்த புது உடல்: வீட்டில் கட்டுவோருக்கான வழிகாட்டி

ஸ்கூட்டரைத் தன் விருப்பப்படி வீட்டிலேயே மாற்றிக் கட்ட நினைப்பவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, எந்த வண்டியை எடுப்பது என்பதைத்தான். நம்மிடையே கிடைக்கும் பழைய வண்டிகளில் பஜாஜ் சேடக் வெஸ்பாவின் வழிவந்தது. அதில் சேஸிஸ், அதாவது பாரம் தாங்கும் அடிச்சட்டம், என்று தனியாக ஒன்று கிடையாது, அழுத்தி வளைத்த எஃகுத் தகட்டு உடலே முழுப் பாரத்தையும் தாங்குகிறது. அந்தத் தகட்டில் கைவைத்தால் வண்டியின் வலுவே குறைந்துவிடும். விஜய் சூப்பர் அப்படியல்ல. 1972இல் லக்னோவில் தொடங்கப்பட்ட ஸ்கூட்டர்ஸ் இந்தியா நிறுவனம், இத்தாலியின் இன்னொசென்டி நிறுவனத்திடமிருந்து லாம்ப்ரெட்டா ஸ்கூட்டரின் தயாரிப்பு இயந்திரங்களை வாங்கி உருவாக்கிய வண்டி அது. எஃகுக் குழாயாலான சேஸிஸ் தனியாக நிற்க, பக்கப் பேனல்கள், காலை மறைக்கும் முன்தகடான லெக்ஷீல்டு, மட்கார்டு, சீட் எல்லாம் அதன்மேல் மாட்டப்பட்டிருக்கின்றன. ஆகவே கையால் செய்த பாகங்களுக்கு இதைவிடப் பொருத்தமான வண்டியை நான் கண்டதில்லை.

இதிலிருந்தே வேலை முழுவதற்குமான விதியும் கிடைக்கிறது: சேஸிஸ், முன் போர்க், பிரேக், சக்கரம் ஆகியவற்றை வெட்டவோ வெல்டிங் செய்யவோ கூடாது, போல்ட்டைக் கழற்றினால் வந்துவிடும் பாகங்களை மட்டுமே புதிதாகச் செய்ய வேண்டும். சட்டமும் இந்தப் பக்கமே நிற்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது; 2019 திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கப்படலாம். வரைபடத்துடன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குச் சென்று கேட்டுத் தெளிந்த பிறகே தகட்டை வெட்டுங்கள். பழைய பேனல்களை எண்ணெய் தடவிப் பத்திரப்படுத்துங்கள். மாற்றம் ஏற்கப்படாவிட்டால் வண்டியை அதன் பழைய நிலைக்கே கொண்டுவந்துவிடலாம்.

உடலைத் தொடுமுன் வண்டி பழைய உருவிலேயே நன்றாக ஓட வேண்டும். இன்ஜினைத் தாங்கும் சைலன்ட் பிளாக் ரப்பர்கள் நைந்திருந்தால் அதிர்வு கூடும். அந்த அதிர்வு நீங்கள் செய்யப்போகும் புதுப் பேனல்களில்தான் முதலில் விரிசலை உண்டாக்கும். டயர் மாற்றுவதாக இருந்தால் ஒன்றை மறக்காதீர்கள்: இந்த வண்டியின் ரிம் இரண்டு பாதிகளாகச் சேர்ந்தது. காற்றை முழுவதும் இறக்காமல் ரிம்மைப் பிணைக்கும் நட்டுகளைக் கழற்றினால் அது சிதறி ஆளைக் காயப்படுத்தும்.

பக்கப் பேனலைத் தகட்டில் செய்வதே இந்த வேலையின் இதயம், பொறுமையை அதிகம் கேட்பதும் அதுதான். முதலில் கனமான அட்டையை வெட்டி, வண்டிமேல் ஒட்டி, சில அடி தள்ளி நின்று பாருங்கள். பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது கோடு முன்னிருந்து பின்னுக்கு ஒரே ஓட்டமாகப் போகிறதா என்று பார்த்துத் திருத்துவதற்கு ஆகும் செலவு வெறும் அட்டைதான். உருவம் பிடித்த பிறகு அதை 20 கேஜ் குளிர்உருட்டுத் தகட்டில், அதாவது ஏறக்குறைய 0.9 மில்லிமீட்டர் கனத்தில், வரைந்து வெட்ட வேண்டும். வளைவு அதிகமான பேனலை ஒரே தகட்டில் அடித்து எடுக்க முயலாமல், இரண்டு மூன்று துண்டுகளாகப் பிரித்து, வளைவு குறைந்த இடத்தில் இணைப்பு வரும்படி அமையுங்கள். மணல் நிரப்பிய தோல் பையின்மேல் தகட்டை வைத்து, உருண்ட முகமுள்ள மரச் சுத்தியலால் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி அடித்தால் குழிவு வரும். பின்பு உள்ளே டாலி எனும் கையடக்க இரும்புக் கட்டியைக் கொடுத்து வெளியே தட்டைச் சுத்தியலால் மெதுவாகத் தட்டினால் மேடு பள்ளம் அடங்கும். வெல்டிங்கில் இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி வைத்து, அடுத்தடுத்து வைக்காமல் மாறி மாறி வைத்தால்தான் தகடு சூட்டில் நெளியாது. கேஸ் வெல்டிங் இணைப்பு மிருதுவாக இருப்பதால் பின்னர் தட்டிச் சமன்செய்யலாம். மின்சாரத்தில் கம்பியை உருக்கி இணைக்கும் மிக் வெல்டிங் இணைப்பு கடினமானது, பெரும்பாலும் தேய்த்துத்தான் ஆக வேண்டும். வெளி விளிம்பைக் கூராக விடாமல் உள்ளே ஒரு கம்பி வைத்துச் சுருட்டுங்கள்; அதற்குக் கம்பியின் விட்டத்தைப்போல் இரண்டரை மடங்கு தகடு கூடுதலாக விட்டு வெட்டினால் போதும்.

பேனலின் உருவத்துக்காக இன்ஜினின் காற்றுக்கவசத்தைக் கழற்றிவிடுபவர்கள் உண்டு. அது மிகத் தவறு. இந்த இன்ஜின் ஓட்டத்தின் எதிர்காற்றை நம்பியதல்ல. பிளைவீலில் உள்ள விசிறி காற்றை இழுத்து, அந்தக் கவசத்தின் வழியாகச் சிலிண்டர்மேல் செலுத்துகிறது. கவசம் இல்லையென்றால் பிஸ்டன் சூடேறி, சீக்கிரமே சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்துவிடும். வலப்பக்கப் பேனலில், விசிறி காற்றை இழுக்கும் இடத்துக்கு எதிரே தாராளமான திறப்பும் விட வேண்டும்.

சீட்டின் பின்கூம்புபோல் பல திசைகளில் வளையும் பாகத்தைத் தகட்டைவிட ஃபைபரில் செய்வதே எளிது. தெர்மோகோலைச் செதுக்கி அதன்மேல் நேராகப் பாலியெஸ்டர் ரெசினைப் பூசினால் அது கரைந்துவிடும். பாலியூரித்தேன் ஃபோமில் செதுக்குங்கள். அதன்மேல் 450 கிராம் கண்ணாடியிழை மேட் மூன்று அடுக்கு போட்டால் ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் கனம் வரும். ரெசினை, இறுகுவதை விரைவுபடுத்தும் ஆக்சிலரேட்டர் ஏற்கெனவே கலந்ததாகவே வாங்குங்கள். கோபால்ட் ஆக்சிலரேட்டரும் ரெசினை இறுகவைக்கும் ஹார்டனரும் நேரடியாகக் கலந்தால் வெடிக்கும் என்பதால் ரெசினில் கலக்காத ஆக்சிலரேட்டரை ஹார்டனரோடு வீட்டில் வைத்துக்கொள்வதே ஆபத்து. கோடை வெயிலில் கிலோவுக்குப் பத்து மில்லி ஹார்டனரே போதுமானது. உள்ளே காற்றுக்குமிழி தங்காதபடி உருளையால் அழுத்தி, ஒரு நாள் இறுகவிட்டு, ஃபோமைச் சுரண்டி எடுத்துவிட்டால் கூடு கிடைக்கும். தேய்க்கும்போது கண்ணாடித் தூள் நுரையீரலுக்குள் போகாதபடி முகக்கவசம் கட்டாயம்.

பெயிண்டில் எனக்குத் தயக்கமில்லாத கருத்து ஒன்று உண்டு: ஹார்டனர் கலக்கும் டூகே பெயிண்டை வீட்டில் ஸ்பிரே செய்யாதீர்கள். அதிலுள்ள ஐசோசயனேட் சாதாரண முகக்கவசத்தைத் தாண்டி ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. எபாக்ஸி பிரைமரும் பட்டியும் தேய்ப்பும் வரை வீட்டில் முடித்து, கடைசிப் பூச்சை, வெளிக்காற்றைக் குழாய் வழியே தரும் முகக்கவசத்துடன் அடிக்கும் பெயிண்டரிடம் கொடுத்துவிடுங்கள்.

மாட்டும்போது தகட்டுக்கும் சேஸிஸுக்கும் இடையே ரப்பர் வாஷரும், ஒவ்வொரு போல்ட்டுக்கும் அதிர்வில் கழலாத நைலாக் நட்டும் போடுங்கள். ஹேண்டிலை இருபுறமும் முழுதாகத் திருப்பி, முன்பக்கத்தை அழுத்தி, மட்கார்டில் டயர் உரசுகிறதா என்று பாருங்கள். பிரேக், கிளட்ச் கேபிள்கள் எங்கும் தகட்டு விளிம்பில் படக்கூடாது. முதல் ஐம்பது கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி, ஒவ்வொரு நட்டையும் திரும்ப இறுக்கி, வெல்டிங் இணைப்புகளின் ஓரத்தில் பெயிண்டில் மயிர்க்கோடு விட்டிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். கோடு தெரிந்தால் அந்தப் பேனலைக் கழற்றி, உள்பக்கமாக ஒரு பட்டைத் தகடு வைத்து வலுப்படுத்திய பிறகே மறுபடி மாட்ட வேண்டும்.