புது இண்டி, எலக்ட்ரானிக் ஆல்பம் கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புது ஆல்பங்கள் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை வெளியாகின்றன. 2015 ஜூலையிலிருந்து உலகம் முழுக்க இதுதான் வழக்கம். சனிக்கிழமை காலைக்குள் தீர்ப்பும் வந்துவிடுகிறது: "பேஸே இல்ல", "ஒரே மாதிரி ஓடுது", "வாய்ஸ் அமுங்கிக் கிடக்குது." சில ஆல்பங்களில் இந்தக் குறைகள் உண்மையாகவே உண்டு. ஆனால் பல சமயம் கோளாறு கேட்ட போனிலோ, காதில் சரியாக உட்காராத இயர்பட்டிலோ, ஆப் செட்டிங்கிலோதான் இருக்கிறது. சினிமாப் பாட்டு இதையெல்லாம் தாங்கும். குரலை முன்னால் நிறுத்தி, டீக்கடை ஸ்பீக்கரிலும் வரி புரியும்படி மிக்ஸ் செய்திருப்பார்கள். சீரான தாளத்தில் ஓடும் டெக்னோ ஆல்பத்துக்கும், தாளத்தைவிட மெல்லிய ஒலிச் சூழலை நம்பும் ஆம்பியன்ட் ஆல்பத்துக்கும் அந்தக் காப்பு கிடையாது. அதனால் கேட்கும் விதத்தைச் சரிசெய்துவிட்டு அபிப்பிராயம் சொல்வதுதான் நியாயம்.

போன் ஸ்பீக்கரில் முடிவெடுப்பது

எலக்ட்ரானிக் இசையின் அடித்தளம் 30 முதல் 60 ஹெர்ட்ஸ் வரையிலான சப்-பேஸ், அதாவது மிக ஆழமான பேஸ். போன் ஸ்பீக்கரோ 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே வேகமாகத் தேய்ந்துபோகும். அடித்தளத்தையே எடுத்துவிட்டு மேல்மாடியை மட்டும் பார்த்தது போல ஆகிவிடுகிறது. இதன் விளைவு பேஸ் குறைவதோடு நிற்பதில்லை. இந்த இசையில் அடிக்கடி வரும் ஒரு உத்தி, லோ-பாஸ் ஃபில்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறப்பது. முதலில் மேல் அலைவரிசைகளை எல்லாம் மூடி வைத்துவிட்டு, 16 அல்லது 32 பார் (ஒரு பார் என்பது நான்கு தாள அடி) நீளத்துக்கு மெதுவாகத் திறந்துகொண்டே வருவார்கள். நல்ல ஹெட்போனில் அது கதவு திறக்கத் திறக்க அறைக்குள் வெளிச்சம் பரவுகிற அனுபவம். போனில் கேட்டால், மூடியிருக்கும் பகுதியில் ஒன்றுமே காதில் விழாது; பிறகு பாட்டு எங்கிருந்தோ திடீரென்று குதிக்கும். "எடிட்டிங் சரியில்லை" என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இதைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறார்கள்.

விலை உயர்ந்த கருவி தேவையில்லை. ஆயிரத்திலிருந்து ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் வயர் உள்ள இன்-இயர் போனே போதும். ஆனால் காதில் அது காற்றுப் புகாமல் உட்கார வேண்டும். பெட்டியில் சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்று அளவு ரப்பர் டிப் இருக்கும். பலரும் மாட்டி வந்த நடு அளவை மாற்றிப் பார்ப்பதே இல்லை. சோதனை எளிது. பேஸ் உள்ள ஒரு பகுதியை ஓடவிட்டு இயர்போனை விரலால் லேசாக உள்ளே அழுத்துங்கள். பேஸ் சட்டென்று கூடினால் அதுவரை கசிவு இருந்தது என்று அர்த்தம். ஒரு அளவு பெரிய டிப் போடுங்கள். இரண்டு காதுக்கும் ஒரே அளவு பொருந்த வேண்டும் என்றும் இல்லை. வேலூர் அக்னி நட்சத்திரத்தில் பத்து நிமிஷத்தில் காது வியர்த்து ரப்பர் வழுக்கும். பாதி ஆல்பத்தில் பேஸ் காணாமல் போனால் முதலில் காதைத் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிப் பாருங்கள். ஃபோம் டிப் இந்த வெயிலில் கொஞ்சம் மேல்.

இன்னொரு பழக்கம், காட்பாடியில் ரயில் ஏறியதும் ஒரே இயர்பட் ஜோடியை நண்பர்கள் இருவர் ஆளுக்கொன்றாக மாட்டிக்கொள்வது. நட்புக்கு நல்லதுதான். ஆனால் இந்த ஆல்பங்களில் இடது வலது பிரிவே இசையமைப்பின் ஒரு பகுதி. ஒருவருக்கு கிடார் மட்டும், இன்னொருவருக்கு அதன் பதில் மட்டும் போய்ச் சேரும். ஒற்றை ப்ளூடூத் ஸ்பீக்கரிலும் இதே சிக்கல்: இரண்டு சேனலும் ஒன்றாகக் கலக்கும்போது, அகலமாக விரித்து வைத்த சிந்தசைசர் ஒலிகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மெலிந்துவிடும். போனில் அணுகல்தன்மை பகுதிக்குள் மோனோ ஆடியோ (இடது வலதை ஒன்றாக்குவது) என்ற பொத்தான் தவறுதலாக ஆன் ஆகியிருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள்.

செட்டிங் பார்க்காமல் கேட்பது

கிராஸ்ஃபேட் முதல் எதிரி. ஸ்பாட்டிஃபையில் இதை 12 வினாடி வரை வைக்கலாம். பார்ட்டிக்குச் சரி. ஆனால் ஒரு பாட்டின் வால் அடுத்த பாட்டின் தலையில் ஏறிவிடும். இரண்டு பாட்டுக்கு நடுவில் இசையமைப்பாளர் வேண்டுமென்றே விட்ட மௌனம் போய்விடும். அதைச் சுழியத்தில் வைத்து, கேப்லெஸ் பிளேபேக்கை (பாட்டுகளுக்கு நடுவில் ஆப் தானாக இடைவெளி சேர்க்காமல் ஓட்டுவது) ஆன் செய்யுங்கள். ஷஃபிள் வேண்டாம் என்பதைச் சொல்லவே தேவையில்லை.

தரத்தை 'ஆட்டோமேட்டிக்' என்று விட்டால் சிக்னல் குறையும் இடத்தில் பிட்ரேட்டும் (ஒரு வினாடி ஒலிக்குச் செலவாகும் டேட்டா) இறங்கும். அப்போது ஹை-ஹாட், சிம்பல் போன்ற தாளத்தட்டுகளின் ஒலி, ரிவெர்பின் (எதிரொலியின்) வால் ஆகியவை தண்ணீருக்குள் சலசலப்பது போலக் கேட்கும். வீட்டு வைஃபையில் முன்கூட்டியே டவுன்லோடு செய்துவிடுங்கள். 320 கேபிபிஎஸ் தரத்தில் 45 நிமிஷ ஆல்பம் சுமார் 108 எம்பி. இன்றைய டேட்டா பேக்குக்கு அது பாரமே இல்லை. டவுன்லோடு தரமும் ஸ்ட்ரீமிங் தரமும் தனித்தனி செட்டிங்; இரண்டையும் உயர்த்த வேண்டும்.

ஈக்வலைசர், பேஸ் பூஸ்ட், போன் கம்பெனி வைத்திருக்கும் '3டி சரவுண்ட்' எல்லாம் ஆஃப். பேஸ் பூஸ்ட் போட்டுக் கேட்டுவிட்டு "பேஸ் ஓவர்" என்று ஆல்பத்தைக் குறை சொல்வது அநியாயம்.

விடுதியில் லேப்டாப்பில் கேட்கிறவர்களுக்கு ஒரு தனிக் கண்ணி உண்டு. ஆன்லைன் வகுப்பு ஆப் பின்னால் திறந்திருந்து மைக்கைப் பிடித்துக்கொண்டிருந்தால், ப்ளூடூத் ஹெட்செட் பாட்டு கேட்கும் நிலையிலிருந்து பேசும் நிலைக்கு மாறிவிடும். ஒலி மோனோவாகி, தொலைபேசித் தரத்துக்கு இறங்கும். ஆல்பம் திடீரென்று பழைய ரேடியோ போல ஒலித்தால், அந்த ஆப்பை முழுமையாக மூடிவிட்டு ஹெட்செட்டை மறுபடி இணையுங்கள்.

வால்யூம் நார்மலைசேஷனை ஆன் செய்தே வைக்கலாம். அது எல்லா ஆல்பத்தையும் ஏறக்குறைய ஒரே சத்தத்துக்குக் கொண்டுவரும். இரண்டு ஆல்பங்களை ஒப்பிடும்போது இது மிக முக்கியம். ஒன்றிரண்டு டெசிபல் வித்தியாசத்தைக் காது 'சத்தம் கூட' என்று உணராது, 'இதுதான் நல்லா இருக்கு' என்றே உணரும். இன்னொன்று: ஆல்பத்தை வரிசையாகக் கேட்டால் ஸ்பாட்டிஃபை முழு ஆல்பத்துக்கும் ஒரே அளவாகச் சத்தத்தைச் சரிசெய்யும். பிளேலிஸ்டில் போட்டால் பாட்டுக்குப் பாட்டு தனியாகச் சரிசெய்யும். அப்போது சத்தம் குறைவாக இருக்க வேண்டிய ஒரு நிமிஷ இடையிசை, முன்னும் பின்னும் உள்ள பாட்டுகளின் சத்தத்துக்கே உயர்ந்து நிற்கும். "அந்த இன்டர்லூட் எதுக்கு?" என்ற கேள்வி அங்கேதான் பிறக்கிறது.

யூடியூபில் யாரோ மறுபதிவேற்றியதைக் கேட்டு எழுதுவதையும் விட்டுவிடுங்கள். காப்புரிமைச் சோதனையில் சிக்காமலிருக்க சுருதியையும் வேகத்தையும் லேசாக மாற்றிப் போடுகிறவர்கள் உண்டு. கலைஞரின் சொந்தச் சேனல் அல்லது லேபிளின் சேனல் என்றால் சரி.

அறையும் ரயிலும்

நம் ஊர் வீடுகளில் கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை, வெறும் சுவர். பத்துக்குப் பத்து அறையில் சுமார் 56 ஹெர்ட்ஸ் ஒலி இரண்டு சுவருக்கும் நடுவில் நின்றுவிடும். சுவரோரம் உட்கார்ந்தால் அந்த ஸ்வரம் மட்டும் இடிபோல முழங்கும். அறையின் நட்ட நடுவில் உட்கார்ந்தால் ஏறக்குறைய காணாமலே போகும். ஒரே பாட்டு, இரண்டு நாற்காலி, இரண்டு அபிப்பிராயம். நாற்காலியை ஒரு சுவரிலிருந்து மூன்றரை, நான்கு அடி தூரத்தில் போட்டு, ஸ்பீக்கரை மூலையிலிருந்து தள்ளி வையுங்கள். ஜன்னலுக்குத் திரை, தரையில் ஜமக்காளம் எல்லாம் மேல் அலைவரிசை எதிரொலியை அடக்கும். பேஸை அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது.

மே மாதம் சத்துவாச்சாரியிலோ தொரப்பாடியிலோ ஃபேனை அணைத்துவிட்டுக் கேளுங்கள் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் முழு வேகத்தில் சுற்றும் சீலிங் ஃபேன் ஆம்பியன்ட் ஆல்பத்தின் மெல்லிய பகுதிகளை அப்படியே மூடிவிடும். ஸ்பீக்கரில் கேட்டால் இறக்கைகளில் பட்டுத் திரும்பும் ஒலியில் ஒரு நடுக்கமும் சேரும். அந்த மாதிரி ஆல்பத்துக்குக் காதை மூடும் ஹெட்போனும் விடியற்காலை ஐந்து மணியும்தான் வழி. கரண்ட் போய் ஸ்கொயர் வேவ் இன்வர்ட்டரில் ஓடும்போது ஸ்பீக்கரில் வரும் 'ங்...' இரைச்சலையும் ஆல்பத்தின் கணக்கில் எழுதக் கூடாது.

காட்பாடியிலிருந்து சென்னைக்கு 130 கிலோமீட்டர். இரண்டு மணி நேரத்தில் இரண்டு ஆல்பம் முடித்துவிடலாம் என்று தோன்றும். ஜன்னல் திறந்த பெட்டியில் சக்கரத்தின் தடதடப்பு பேஸையும் கிக் டிரம்மையும் விழுங்கும். அதை வெல்ல வால்யூமை ஏற்றுவோம். பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம் வரை பாதுகாப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. 90 டெசிபல் ஆனால் அது வெறும் நான்கு மணி நேரம். போக ஒருமுறை வர ஒருமுறை, வாரக் கணக்கு தீர்ந்தது. ரயிலுக்கு நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன் இருந்தால் நல்லது. அது குறைந்த அலைவரிசை இரைச்சலைத்தான் நன்றாக வெட்டும். இல்லாவிட்டால் ஏற்கெனவே பழகிய, சீரான சத்தமுள்ள ஆல்பத்தைக் கேளுங்கள். புதியதை வீட்டுக்கு வைத்துவிடுங்கள்.

பல்லவிக்குக் காத்திருப்பது

சினிமாப் பாட்டு போல உடனே பல்லவி வரும் என்று எதிர்பார்ப்பது கேட்கும் பழக்கத்தில் வரும் தவறு, சரிசெய்யக் கொஞ்சம் பொறுமை வேண்டும். கிளப்பில் ஓட்டுவதற்காகச் செய்யும் ஹவுஸ், டெக்னோ பாட்டுகளில் முதல் 32 பார் பெரும்பாலும் வெறும் தாளம்தான். ஒரு டிஜே முந்தைய பாட்டோடு இதைப் பொருத்துவதற்கான இடம் அது. 128 பிபிஎம் (நிமிஷத்துக்கு 128 தாள அடி) வேகத்தில் 32 பார், அதாவது 128 அடி, சரியாக ஒரு நிமிஷம். முப்பதாவது வினாடியில் தாண்டிவிட்டால் பாட்டு இன்னும் தொடங்கவே இல்லை.

"ஒரே மாதிரி ஓடுது" என்பவர்கள், ஆடி மாதம் வட ஆற்காட்டுக் கிராமத்து அம்மன் கோயிலில் பம்பைக்காரர் வர்ணிப்புக்கு அடிப்பதை நினைத்துப் பார்க்கலாம். அடிப்படை அடி மாறாது. மேலே விழும் அடிகள் மாறிக்கொண்டே இருக்கும், வேகம் ஏறும், கேட்கிறவர்களுக்கு மேனி சிலிர்க்கும். டெக்னோவில் வேகம் ஏறாது. அதற்குப் பதில் அடுக்கு கூடும், ஃபில்டர் திறக்கும், ஒரு ஹை-ஹாட் புதிதாக வந்து சேரும். எட்டு பாருக்கு ஒருமுறை எது வந்தது, எது போனது என்று மட்டும் கவனியுங்கள். இரண்டு பாட்டுக்குள் காது பிடித்துக்கொள்ளும். இதையெல்லாம் கவனித்த பிறகும் ஒன்றும் மாறவில்லை என்றால், அது சோம்பேறித்தனமான பாட்டு என்று தைரியமாக எழுதலாம்.

வேண்டுமென்றே செய்ததைப் பழுது என்று நினைப்பதும் இங்கே சேரும். கிக் டிரம் அடிக்கும்போதெல்லாம் பின்னணி ஒலி அமுங்கி எழுவது சைட்செயின் கம்ப்ரஷன். கரகரப்பு, டேப் இரைச்சல், ரெக்கார்டின் படபடப்பு எல்லாம் லோ-ஃபை ஆல்பங்களில் தேடிச் சேர்ப்பவை. ஷூகேஸ் (shoegaze) என்ற கிடார் இசை வகையில் குரலை கிடார் சுவருக்குள் புதைப்பதே அந்த வகையின் அழகு. அங்கே வரிகள் புரியவில்லை என்பது குறையாகாது.

அடுத்தது, "இந்த பீட் அங்கேயிருந்து சுட்டது." டிஆர்-808 டிரம் கருவியை ரோலண்ட் நிறுவனம் 1980இல் வெளியிட்டது, டிபி-303 பேஸ் சிந்தசைசரை 1981இல், டிஆர்-909 டிரம் கருவியை 1983இல். இவற்றின் ஒலி இன்றுவரை உலகம் முழுக்கப் பயன்படுகிறது. மும்பையின் சரண்ஜித் சிங் 1980களின் தொடக்கத்திலேயே 303, 808 இரண்டையும் வைத்து ராகங்களை ஆல்பமாக்கியவர். 1969இல் தி வின்ஸ்டன்ஸ் குழு பதிவுசெய்த ஏறக்குறைய ஏழு வினாடி டிரம் துண்டின் மேல்தான் ஜங்கிள் என்ற வேகமான எலக்ட்ரானிக் இசை வகையின் பெரும்பகுதி நிற்கிறது. ஒரே கைதட்டல் ஒலி இரண்டு ஆல்பத்தில் வந்தால் அது ஒரே கருவி, அவ்வளவுதான். மெட்டு, தாள அமைப்பு, அனுமதி வாங்காமல் எடுத்த சாம்பிள் (வேறு பதிவிலிருந்து வெட்டிய துண்டு) இவற்றில் ஒற்றுமை இருந்தால் பேசுங்கள்.

எழுதும்போது

குறைந்தது மூன்று முறை கேட்ட பிறகு எழுதுங்கள்: ஹெட்போனில் ஒருமுறை, ஸ்பீக்கரில் ஒருமுறை, இரண்டு நாள் இடைவெளி விட்டு ஒருமுறை. "சைக்கடெலிக் வைப்", "வேற லெவல் புரொடக்ஷன்" என்பவை படிப்பவருக்கு ஒன்றும் தராது. "நான்காவது பாட்டு, 2:40இல் டிரம் முழுக்க நின்று குரல் மட்டும் வலப்பக்கம் நகர்கிறது" என்று எழுதினால் அவர் போய்க் கேட்டுப் பார்ப்பார், ஒத்துக்கொள்வார் அல்லது மறுப்பார். யார் பாடியது, யார் மிக்ஸ் செய்தது, யார் மாஸ்டர் (வெளியீட்டுக்கு முந்தைய கடைசி ஒலிச் சீரமைப்பு) செய்தது என்பதையும் ஆல்பத்தின் கிரெடிட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே பெயருள்ள இரண்டு கலைஞர்களின் ஆல்பங்கள் ஸ்ட்ரீமிங் ஆப்பில் ஒரே பக்கத்தில் கலந்து கிடப்பது சகஜம். புதியது என்று நினைத்தது வேறு யாரோ ஒருவருடையதாக இருக்கலாம்.

வாங்கும்போது

பிடித்த ஆல்பத்தை, கலைஞர்கள் நேரடியாக விற்கும் தளமான பேண்ட்கேம்பில் வாங்கினால் தரம் குறையாத ஃப்ளாக் (FLAC) வடிவிலேயே கிடைக்கும். டிஜிட்டல் விற்பனையில் அந்தத் தளம் வழக்கமாக 15 சதவீதம் எடுத்துக்கொள்ளும். 'பேண்ட்கேம்ப் ஃப்ரைடே' என்று அறிவிக்கும் நாட்களில் அந்தப் பங்கையும் விட்டுக்கொடுக்கும். கார்டு மறுக்கப்பட்டால் வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை ஆஃப் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். பல கார்டுகளில் அது ஆரம்பத்திலேயே அணைந்துதான் இருக்கும். வாங்கி முடித்ததும் மறுபடி அணைத்துவிடலாம்.

டெலிகிராமில் சுற்றும் 'ஃப்ளாக்' கோப்புகளை நம்ப வேண்டாம். ஆடாசிட்டி என்ற இலவச ஒலி மென்பொருளில் திறந்து ஸ்பெக்ட்ரோகிராம் (அலைவரிசைகளைப் படமாகக் காட்டுவது) பாருங்கள். 16 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் கத்தியால் வெட்டியது போல நேர்கோட்டில் நின்றால், அது 128 கேபிபிஎஸ் எம்பி3யை ஊதிப் பெருக்கியதாக இருக்க வாய்ப்பு அதிகம். பழைய டேப்பிலிருந்து எடுத்த ஒலியிலும் மேல்பகுதி குறைவாக இருக்கும். ஆனால் அங்கே ஓரம் மங்கலாகத் தேய்ந்து போகும், நேர்கோடு விழாது.