இரவில் கயோட்டி வேட்டைக்கு ரைஃபிளைத் தயார் செய்வது

கயோட்டி வட அமெரிக்கப் பண்ணைகளிலும் புல்வெளிகளிலும் திரியும் ஓநாய்ச் சாதி விலங்கு. அடர்ந்த மயிரால் பெரிதாகத் தெரிந்தாலும் எடை பெரும்பாலும் 20 முதல் 45 பவுண்டுதான். தோட்டா பட வேண்டிய நெஞ்சுப் பகுதி ஏறக்குறைய 4 அங்குலம். இருட்டில் அந்த 4 அங்குலத்தில் அடிப்பதைவிடக் கடினம், எதிரே நிற்பது கயோட்டியா, பண்ணை நாயா, கன்றுக்குட்டியா என்று உறுதி செய்வது. செலவில் பெரும்பங்கு இதற்கே போகட்டும்.

அமெரிக்காவில் விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்சாஸில் தனியார் நிலத்தில் உரிமையாளரின் அனுமதியோடு இரவில் கயோட்டியைச் சுடலாம். கலிஃபோர்னியாவிலோ அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சும் துப்பாக்கி ஸ்கோப்பை வைத்திருப்பதே குற்றம். எதையும் வாங்கும் முன் உங்கள் மாநில வனவிலங்குத் துறையின் நடப்பு ஆண்டு விதிகளைப் படித்துவிடுங்கள்.

ரைஃபிளில் பெரிய குழப்பம் தேவையில்லை. .223 ரெமிங்டன், .22-250, .243 வின்செஸ்டர் என்ற தோட்டா வகைகளில் எதைச் சுடும் ரைஃபிளும் போதும். தானாக அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ஏஆர்-15 வகை என்றால் முதல் குண்டு தவறினாலும் அடுத்ததைச் சட்டென்று சுட முடியும். கையுறை போட்ட விரலுக்கு 3 முதல் 4 பவுண்டு அழுத்தம் கேட்கும் விசையே சரி. அதற்குக் கீழே போனால் குளிரில் மரத்த விரல் நினைக்கும் முன்பே சுட்டுவிடும்.

வெப்பத்தைப் படமாகக் காட்டும் தெர்மல் ஸ்கோப் வாங்கும்போது விளம்பரத்தில் போட்டிருக்கும் "கண்டறியும் தூரத்தை" நம்பிவிடாதீர்கள். அங்கே ஏதோ சூடாக இருக்கிறது என்பது மட்டுமே அந்தத் தூரத்தில் தெரியும். கணக்கு எளிது: 12 மைக்ரான் அளவுப் பிக்சல்கள் கொண்ட சென்சாருக்கு முன் 35 மி.மீ. லென்ஸ் இருந்தால், 100 கெஜத்தில் ஒரு பிக்சல் சுமார் 1.25 அங்குலத்தை மூடும். 200 கெஜத்தில் 2.5 அங்குலம். தோள்வரை 24 அங்குலம் நிற்கும் கயோட்டி அங்கே பத்துப் பிக்சல் உயரம்கூட வராது. 50 மி.மீ. லென்ஸில் அதே விலங்கு 14 பிக்சல் அளவு வரும். பிக்சல் அளவும் லென்ஸும் அதுவேயானால், அகலவாக்கில் 384 பிக்சலுக்குப் பதில் 640 பிக்சல் உள்ள சென்சார் வாங்குவதால் பார்வைப் பரப்புதான் விரியும், விவரம் கூடாது. டிஜிட்டல் ஜூமும் அதே பிக்சல்களைப் பெரிதாக்கிக் காட்டுவதுதான்.

பணம் குறைவென்றால் டிஜிட்டல் நைட் விஷன் ஸ்கோப்பும் அகச்சிவப்பு விளக்கும் போதும். 850 நானோமீட்டர் விளக்கு தூரம் எட்டும், ஆனால் முகப்பில் மங்கிய சிவப்பு தெரியும். 940 தெரியாது, தூரமும் குறைவு. முன்னால் உயர்ந்த புல் இருந்தால் ஒளி அதில் பட்டுத் திரும்பிப் படம் வெளுத்துவிடும். விளக்கைக் குழலை விட உயரமாகப் பொருத்தி, ஒளிக்கற்றையைக் குறுக்கினால் இது குறையும்.

கையில் பிடித்துத் தேடும் ஒற்றைக்கண் தெர்மல் கருவி (மோனோகுலர்) தனியாக வேண்டும், இதில் சமரசம் கூடாது. ரைஃபிள் ஸ்கோப்பாலேயே வயலைத் துழாவினால், நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு மாட்டின் மீதும் மனிதர் மீதும் துப்பாக்கி வாய் திரும்புகிறது.

ஸ்கோப்பை ரைஃபிளின் மேலே பள்ளங்களோடு இருக்கும் பிகாட்டினி ரெயிலில் வைத்ததும், அதை முன்பக்கமாகத் தள்ளிப் பள்ளத்தின் விளிம்பில் முட்டவிட்டு, பிறகு இறுக்குங்கள். இல்லாவிட்டால் முதல் சில குண்டுகளின் உதையில் அது நகர்ந்து, குறி கலையும். ரெயிலைப் பிடிக்கும் அரை அங்குல நட்டை இறுக்க 65 அங்குல-பவுண்டு முறுக்குவிசை வழக்கமான அளவு. ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையங்களின் திருகுகளுக்கு 15 முதல் 18. தயாரிப்பாளர் வேறு அளவு தந்திருந்தால் அதுவே இறுதி.

குறி சரிசெய்ய 100 கெஜம் நல்ல தூரம். காகித இலக்கு தெர்மலில் தெரியாது. அட்டையின் நடுவே கையைச் சூடேற்றும் பொட்டலத்தையோ ஓர் அங்குல அலுமினிய டேப்பையோ ஒட்டுங்கள். மூன்று குண்டு சுட்டு அவற்றின் நடுப்புள்ளியை அளந்து திருத்தி, மறுபடி மூன்று சுட்டு, கடைசியில் ஐந்து சுட்டு உறுதி செய்யுங்கள். பல ஸ்கோப்புகளில் குறியை நகர்த்தும் ஒரு படி (கிளிக்) என்பது ஒரு பிக்சல்; 35 மி.மீ. லென்ஸில் மேலே சொன்ன அதே 1.25 அங்குலம். அதைவிட நுணுக்கமாக நகர்த்த, மாடல் அனுமதித்தால் ஜூம் செய்தபடி திருத்துங்கள். .223-இல் 55 கிரெய்ன் எடையுள்ள தோட்டா 200 கெஜத்தில் 2 முதல் 3 அங்குலம் இறங்கும். தோட்டா வகையை மாற்றினால் குறியையும் மறுபடி பாருங்கள்.

தெர்மல் படத்தில் தூரம் புலப்படாது. அறுபது கெஜத்து நரியும் நூறு கெஜத்துக் கயோட்டியும் ஒரே அளவாகத் தெரியலாம். ஆகவே லேசர் தூரமானி தேவை. கம்பி வேலியும் தொலைவு வீட்டுச் சுவரும் சுற்றுப்புற வெப்பத்திலேயே இருந்தால் படத்தில் மறைந்துபோகும். பகலிலேயே நிலத்தை நடந்து பார்த்து, எந்தத் திசையில் பின்னால் மண்மேடு இருக்கிறது, எந்தப் பக்கம் சுடவே கூடாது என்று குறித்து வையுங்கள்.

புல்லுக்கு மேலே பார்வை எட்ட, ரைஃபிளைத் தாங்கும் முக்காலியான டிரைபாட் வேண்டும். இரண்டு கால் கொண்ட பைபாட் படுத்துச் சுடத்தான் உதவும்.

திரை வெளிச்சத்தை முடிந்தவரை குறையுங்கள். கண் கூசாது, முகத்திலும் ஒளி விழாது. குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், மாற்று 18650 வகை லித்தியம் செல்களைச் சட்டையின் உள்பையில் உடம்புச் சூட்டோடு வையுங்கள். பனிமூட்டமும் மழையும் தெர்மலின் எட்டும் தூரத்தைக் குறைக்கும். வண்டிக்குள்ளிருந்து பார்க்க முயன்றால் கண்ணாடி தெர்மல் கதிரை மறைத்துவிடும். ஜன்னலை இறக்கினால்தான் வெளியே எதுவும் தெரியும்.